சுறாவின் வாயைக் கட்டியவர்கள்



ஒரு கேள்வி. உங்களுக்கு ஒரே ஒரு சூப்பர் பவர் தர்றேன்னு யாராவது வந்து நின்னா, எதைக் கேப்பீங்க?

இந்தக் கேள்வியை எந்தக் கூட்டத்துல போட்டாலும் வர்ற பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பறக்கணும். கண்ணுக்குத் தெரியாம மறையணும். அடுத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு படிக்கணும். காலத்துல பின்னாடி போய் ரெண்டு விஷயத்தைத் திருத்திட்டு வரணும். கூட்டத்துல ஒருத்தன் மட்டும் "எல்லாரோட பவரையும் காப்பி அடிக்கிற பவர்" னு கேப்பான். அவன் கண்டிப்பா நம்ம ஐடி ஆளாத்தான் இருப்பான்.

வித்தியாசமான பவரைக் கேக்குறவங்க ரொம்பக் கம்மி. 2023-ல வந்த ‘மாவீரன்’ படத்துல சிவகார்த்திகேயனுக்கு ஒரு குரல் கேக்குமே, அவன் கதையை அவனுக்கே சொல்லிக்கிட்டே இருக்குமே, அதை யாராவது வேணும்னு கேப்பாங்களா? தொல்லை. ஆனா நம்ம மாவட்டத்துலயே இருக்குற ஒரு பழைய கதையை எடுத்துக்கோங்க. ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசலை. பெத்தவங்க திருச்செந்தூருக்குத் தூக்கிட்டு வந்தாங்க. முருகன் அருளால வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார்னு சொல்றோம். எல்லாப் பிள்ளைக்கும் இருக்குற பேச்சுதான். அது ஒரு பிள்ளைக்குக் கிடைச்சதை நாம முந்நூறு வருஷத்துக்கு மேல சொல்லிக்கிட்டு இருக்கோம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். சூப்பர்மேன் 1938-ல அமெரிக்கக் காமிக்ஸ்ல வந்தான். அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே நம்மகிட்ட பட்டியல் தயாரா இருந்துச்சு. அட்டமாசித்தி எட்டையும் சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அணுவளவு சுருங்குறது அணிமா, அது ஆன்ட்-மேன். பெருசா வளர்றது மகிமா. அசைக்க முடியாத கனமாகுறது கரிமா. காத்து மாதிரி லேசாகுறது லகிமா. நினைச்ச இடத்தை எட்டுறது பிராப்தி. விரும்பினது கைகூடுறது பிராகாமியம். எல்லாத்துக்கும் மேல ஆட்சி செய்யுறது ஈசத்துவம், எல்லாரையும் வசப்படுத்துறது வசித்துவம். கடைசி ரெண்டையும் இன்னைக்குச் சினிமால வில்லனுக்கு மட்டும்தான் குடுக்குறாங்க. கவனிச்சிருக்கீங்களா?

18-ம் நூற்றாண்டுல வாழ்ந்த தாயுமானவர் இதையெல்லாம் ஒரே பாட்டுல அடுக்குறார். மதம் பிடிச்ச யானையை வசமாக்கலாம், கரடி புலியோட வாயைக் கட்டலாம், சிங்கத்து முதுகுல ஏறலாம், பாம்பைப் பிடிச்சு ஆட்டலாம், யாரும் பாக்காம உலாவலாம், வேற உடம்புக்குள்ள புகலாம், தண்ணி மேல நடக்கலாம், நெருப்பு மேல உட்காரலாம். இதெல்லாம் முடியும், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கிறதுதான் அரிதுன்னு முடிப்பார். பெரும்பாலும் எல்லாரும் அந்தக் கடைசி வரியைத்தான் ஸ்டேட்டஸ்ல வைப்பாங்க. எனக்கு நடுவுல வர்ற ஒரு சங்கதி மேலதான் கண்ணு: வாயைக் கட்டுறது.

ஏன்னா எங்க ஊர்க் கடல்ல அது ஒரு வேலையா இருந்துச்சு. பங்கு, சம்பளம் எல்லாம் உண்டு.

தூத்துக்குடி முத்துக்குப் பேர் போன ஊர்னு எல்லாருக்கும் தெரியும். ‘முத்துநகர்’ னு ரயிலுக்கே பேர் இருக்கு. ஆனா முத்து எப்படி எடுத்தாங்கன்னு கேட்டா நம்ம வயசுப் பசங்களுக்கே சரியாத் தெரியாது. மன்னார் வளைகுடால கடலுக்கடியில பாறைத் திட்டு மாதிரி இருக்கும் இடங்களை ‘பார்’ னு சொல்லுவாங்க. அங்கதான் முத்துச்சிப்பி ஒட்டி வளரும். வள்ளத்துல போய், ஒரு கயித்துல கட்டுன கல்லுல கால் வச்சு, மூச்சைப் பிடிச்சு மனுஷன் நேரா அடிக்கு இறங்குவான். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். ஒரு பாகம்னா ஏறக்குறைய ஆறடி. கீழ ஒரு நிமிஷம், பழக்கமானவன் அதுக்கும் கொஞ்சம் மேல. அதுக்குள்ள கைக்கு எட்டுன சிப்பியை வாரிக் கூடையில போட்டுக் கயித்தை இழுப்பான். மேல கயிறு பிடிச்சு நிக்கிறவன் கவனமா இருந்தா உயிர் மேல வரும். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது.

அந்த மூச்சே ஒரு சூப்பர் பவர்தான். இந்தோனேசியாப் பக்கம் தலைமுறை தலைமுறையா முக்குளிக்கிற பஜாவ் மக்களோட மண்ணீரல், பக்கத்து ஊர்ல விவசாயம் பண்றவங்களோடதை விட ஏறக்குறைய 50 சதவீதம் பெருசுன்னு 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு. முங்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமிச்சு வச்ச ரத்தத்தை வெளிய விடும். அப்படியே எக்ஸ்-மென் கதை. இன்னொரு பக்கம், அந்தமான் கடல்ல வாழ்ற மோக்கன் மக்களோட பிள்ளைங்களுக்குத் தண்ணிக்கடியில கண்ணு துல்லியமாத் தெரியும்னு 2003-ல கண்டுபிடிச்சாங்க. அப்புறம் அதே பயிற்சியை ஐரோப்பியப் பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பாத்தா அவங்களுக்கும் வந்துருச்சு. பிறப்பா, பழக்கமான்னு காமிக்ஸ் ரசிகர்கள் சண்டை போடுவாங்க. கடல் ரெண்டுக்கும் இடம் குடுக்குது.

இப்போ சுறா.

கீழ கண்ணு கரிக்க, மூச்சு முட்ட, ரெண்டு கையாலயும் சிப்பியை அள்ளிக்கிட்டு இருக்கிறவனுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு தெரியாது. அந்தப் பயத்தோட ஒரு நாளைக்கு அத்தனை தடவை எவன் இறங்குவான்? அதுக்குத்தான் கடல்கட்டி. சுறாவோட வாயை மந்திரத்தால கட்டுறவர். பரம்பரை உரிமை. 13-ம் நூற்றாண்டு முடியுற நேரத்துல இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அவங்களைப் பத்தி எழுதி வச்சிருக்கார். முத்துல பத்துல ஒரு பங்கு அரசனுக்கு. இருபதுல ஒரு பங்கு மீனைக் கட்டுறவங்களுக்கு. அரசனுக்குக் குடுக்குறதுல பாதி! சுறாவைப் பத்தின பயம் எவ்வளவு பெருசுன்னு இந்தக் கணக்கே சொல்லுது.

அவர் எழுதினதுல என்னைத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த விஷயம். கட்டு பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் ஆனா அவிழ்த்து விட்டுருவாங்க. ராத்திரி சுறா அது பாட்டுக்கு அது வேலையைப் பார்க்கும்.

அப்புறம் ஐரோப்பியர் காலம் வந்தும் கடல்கட்டி போகலை. 16-ம் நூற்றாண்டுல கரையோர மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கராயிட்டாங்க. அப்பவும் போகலை. 1859-ல இலங்கையைப் பத்திப் புத்தகம் எழுதின எமர்சன் டென்னென்ட், அப்போ அந்த உரிமை இருந்த குடும்பத்துத் தலைவர் கத்தோலிக்கர்தான்னு சொல்றார். மந்திரம் சொல்றவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் முங்குறவனுக்குக் கவலை இல்லை. கட்டு விழுந்துச்சான்னு மட்டும்தான் கேப்பான். அவர் கரையில இல்லாம ஒருத்தனும் தண்ணிக்குள்ள இறங்க மாட்டான். அதனால இதையெல்லாம் மூடநம்பிக்கைன்னு நினைச்ச வெள்ளைக்கார அதிகாரிகளே அவங்களை வேலைக்கு வச்சுக்க வேண்டியதாச்சு.

பலிச்சுதான்னு கேப்பீங்க. 1797-ல மன்னார் வளைகுடால நடந்த முத்துக்குளிப்பை நேர்ல பார்த்த லெ பெக் ஒரு கதை சொல்றார். ஒரு ஆளோட காலைச் சுறா கடிச்சிருச்சு. கடல்கட்டியைக் கூப்பிட்டு என்னய்யா இதுன்னு விசாரிச்சா, மலையாளக் கரையில இருந்து வந்த ஒரு சூனியக்காரக் கிழவி எதிர்மந்திரம் போட்டுட்டா, எனக்குத் தாமதமாத்தான் தெரிஞ்சுது, இனிமே பாருங்க, சுறா நடுவுல வந்தாலும் வாயைத் திறக்க முடியாம பண்றேன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சர்வர் விழுந்தா நாங்க "தேர்ட் பார்ட்டி இஷ்யூ" ன்னு சொல்லுவோமே, அதேதான்.

அவ்வளவு வள்ளம், அவ்வளவு ஆள், அவ்வளவு சத்தத்துல சுறா தானா ஒதுங்கியிருக்கும்னு சொல்றவங்க உண்டு. இருக்கலாம். நான் அதுல இறங்கலை. பயத்தை ஒருத்தர் கையில குடுத்துட்டு, அந்த ஒரு நிமிஷம் சிப்பியை மட்டும் பார்க்க முடிஞ்சுதுன்னா அது அந்த மனுஷனுக்கு நடந்த நல்லதுதான். நாம வேல்மாறல் படிச்சுட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறோமே, அங்க மயக்க டாக்டரும் இருக்கார், முருகனும் இருக்கார். யார் எவ்வளவு சதவீதம்னு அந்த நேரத்துல எவனும் கணக்குப் போடுறதில்லை.

நான் பிடிச்சுக்கிட்டது அந்த ராத்திரியை.

சூப்பர் ஹீரோ கதைகள்ல எப்பவும் ஒரே கேள்விதான்: பவர் யார் கையில கிடைச்சுது? ‘மின்னல் முரளி’ ல ஒரே மின்னல் ரெண்டு பேர் மேல விழும். ஒருத்தன் ஹீரோ, இன்னொருத்தன் வில்லன். ரெண்டு பேருக்கும் காயம் இருக்கு, ஊர் ரெண்டு பேரையும் கேவலமாத்தான் நடத்துது. அருமையான படம். ஆனா கடைசில நமக்கு அது சொல்றது, நல்லவன் கையில இருந்தா நல்லதுன்னுதான். ஸ்பைடர்மேன்ல இருந்து சக்திமான் வரைக்கும் இதே சங்கதி. நல்லவனைத் தேடு, அவன்கிட்ட குடு, அப்புறம் கவலைப்படாதே.

கடல்கட்டி நல்லவரா கெட்டவரான்னு மார்க்கோ போலோ எழுதலை. யாரும் கேட்ட மாதிரியும் தெரியலை. எது வரைக்கும்னு மட்டும் தெளிவா இருக்கு: சூரியன் சாயுற வரைக்கும். அதுக்கப்புறம் அந்தச் சக்தி அவர்கிட்டயே இருந்தாலும் அவர் அதை அவிழ்த்தாகணும்.

இப்போ சூரபத்மனை நினைச்சுப் பாருங்க. கந்தபுராணப்படி அவன் சிவபெருமான்கிட்ட வாங்கினது 1008 அண்டங்களை 108 யுகம் ஆளுற வரம். நம்ம ஆளுங்க அவனைப் பிறவிலேயே கெட்டவன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஆனா அவன் தவம் பொய்யில்லை. தவத்துக்குக் கிடைச்ச வரமும் பொய்யில்லை. அந்த வரத்துல சாயங்காலம் இல்லை, அதுதான் வினை. 108 யுகத்துக்கு ஒரு நாள் கூட அவன் அதைக் கீழ வைக்க வேண்டிய தேவையே இல்லை. கீழ வைக்கவே வேண்டாம்னா அது கைல இருக்குன்னே மறந்து போகும், நான்தான் அதுன்னு ஆயிடும். (அசுரர்கள் வாங்கின வரங்களை எல்லாம் ஒரு இன்ஜினியரா படிச்சா செம காமெடியா இருக்கும். மனுஷனால சாகக் கூடாது, மிருகத்தால சாகக் கூடாது, பகல்ல கூடாது, ராத்திரில கூடாது. டெஸ்ட் கேஸ் எழுதுற மாதிரியே எழுதியிருப்பாங்க. ஒரு எட்ஜ் கேஸ் எப்பவும் விட்டுப் போயிருக்கும்.)

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன்னா, எங்கிட்டயும் ஒரு சின்ன பவர் இருக்கு. சிரிக்காதீங்க.

நான் பணப் பரிவர்த்தனை சம்பந்தப்பட்ட ஒரு கம்பெனியில வேலை பாக்குறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது உடைஞ்சா எழுப்புவாங்கள்ல, அந்த டீம். அப்படி உடையுற நேரத்துல உள்ள போய் பார்க்கிறதுக்கு எங்களுக்கு ஒரு அனுமதி கிடைக்கும். லைவ் டேட்டாபேஸ். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினாங்க, எந்த நேரம், எந்தக் கடை, எந்த ஆப், எல்லாம் கண்ணு முன்னாடி ஓடும். காரணம் எழுதிக் கேக்கணும், இன்னொருத்தர் சரின்னு சொல்லணும், நாலு மணி நேரம் ஆனா அந்த அனுமதி தானா செத்துரும். நான் செஞ்ச ஒவ்வொரு தேடலும் பதிவாகும்.

எங்க அப்பா சின்ன வயசுல படிச்ச காமிக்ஸ் ஒரு பெட்டி நிறைய எங்க வீட்டுல இருந்துச்சு. சிவகாசில இருந்து வந்த முத்து காமிக்ஸ். அதோட முதல் புத்தகமே 1972-ல வந்த ‘இரும்புக்கை மாயாவி’ தான். மின்சாரம் பாய்ஞ்சா அவன் உடம்பு மறைஞ்சு போகும், அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும். இங்கிலாந்துல வந்த மூலத்துல, முதல் கதையில அவன் நல்லவனே கிடையாது. மறைய முடியும்னு தெரிஞ்சதும் அவன் போன வழி திருட்டு வழிதான். கிரேக்கத்துல பிளேட்டோ சொன்ன மோதிரக் கதையும் இதுதான். போட்டா மறையலாம்னு ஒரு மோதிரம் கிடைச்சா யோக்கியன் எவன் மிஞ்சுவான்னு அதுல ஒரு கேள்வி வரும். பிளேட்டோவோட மோதிரத்துல இல்லாதது ஒண்ணு நம்ம மாயாவிகிட்ட இருக்கு: அந்தக் கை. எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு ஆடிட் லாக்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க சித்தி போன் பண்ணாங்க. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தாங்க. ஜாதகம் பொருந்திருச்சு, பையன் நல்ல வேலை, ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சிருச்சு. யாரோ ஒருத்தர் மட்டும் லேசா ஒரு வார்த்தை போட்டுட்டாங்க.

"எய்யா, நீ அந்தக் கம்பெனியிலதான இருக்க? பையன் நம்பரு தாரேன். ஆன்லைன் ரம்மில காசு விடுதானான்னு மட்டும் பாத்துச் சொல்லிரு. வேற ஒண்ணும் வேண்டாம்யா."

"அப்படிப் பாக்க முடியாது சித்தி."

"முடியாதா, மாட்டியா?"

இந்தக் கேள்வியை எந்த எத்திக்ஸ் டிரெயினிங்லயும் யாரும் எங்கிட்ட இவ்வளவு நேராக் கேட்டதில்லை. "மாட்டேன் சித்தி" ன்னு சொன்னேன். போனை வச்சுட்டாங்க.

சட்டம் இருக்கு, வேலை போகும், அதெல்லாம் உண்மை. ஆனா நான் பார்க்காம இருந்ததுக்கு அது முழுக் காரணம் இல்லை. சித்தியோட காரணம் நல்ல காரணம். அதுதான் எனக்குப் பயம். மறையுற பவர் கிடைச்சவன் முதல் தடவை அதை நல்லதுக்குத்தான் பயன்படுத்துவான். அடுத்து வீட்டுக்காரர் வருவார், குடி வர்றவன் வாடகை ஒழுங்காக் குடுப்பானான்னு பாரு தம்பின்னு. அதுவும் நியாயம்தான். நண்பன் வருவான், தன் பொண்டாட்டி யாருக்குப் பணம் அனுப்புறான்னு. அவனும் அழுதுகிட்டேதான் கேப்பான். எந்த இடத்துல நான் நிறுத்துவேன்? என் நல்ல மனசை நம்பியா? அந்தப் பையனுக்கும் ஒரு சித்தி இருப்பாங்க. அவனுக்குத் தெரியாம அவன் ஒரு வருஷ வாழ்க்கையை ஒருத்தன் ராத்திரி உட்கார்ந்து ஸ்க்ரோல் பண்றான்னு தெரிஞ்சா அவங்க என்ன சொல்லுவாங்க?

எனக்கு அந்தக் கண்ணு நாலு மணி நேரத்துக்குக் கிடைச்சது, உடைஞ்சதைச் சரி பண்ண. அது என் கண்ணு இல்லை.

அப்புறம் சித்தப்பா பையனோட ஊருக்கே போய் விசாரிச்சார். அந்தத் தெருவுல பலசரக்குக் கடை வச்சிருந்த ஒருத்தர் மெதுவா விஷயத்தைச் சொல்லிட்டார். கடன் இருந்தது உண்மை. பேச்சு அதோட நின்னுருச்சு. தங்கச்சி இப்போ நல்லா இருக்கா, வேலைக்குப் போறா.

ஒரு கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தப்போ சித்தி இலையில சோறு வச்சுக்கிட்டே கேட்டாங்க: "அந்தக் கடைக்காரன் வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். பதில் சொல்லலை. இப்பவும் எங்கிட்ட பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் மார்க்கோ போலோவைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். முதல் தடவை படிக்கும்போது அந்த ராத்திரி எனக்கு ரொம்ப அழகாத் தெரிஞ்சுது. பகல் மனுஷனுக்கு, ராத்திரி மீனுக்கு, கடல்ல ரெண்டு பேருக்கும் பங்கு இருக்குன்னு நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கிட்டேன். ஸ்டேட்டஸ்ல போடுற மாதிரி அர்த்தம். ஆனா அவர் சொல்ற காரணம் வேற. ராத்திரில எவனும் திருட்டுத்தனமா முங்கி முத்து எடுத்துரக் கூடாது. அதுக்குத்தான் சுறாவை அவிழ்த்து விடுறாங்க. அப்போ யாருக்குக் காவல்? முத்துல பங்கு இருக்குற வியாபாரிக்கும் அரசனுக்கும். யாருக்கு எதிரா? முங்கத் தெரிஞ்ச அந்த ஏழை மனுஷனுக்கு எதிரா. பகல்ல அவனைக் காப்பாத்துற அதே கை, ராத்திரில அவன் மேல சுறாவை விடுது.

இன்னும் பின்னாடி போனா இதை விட மோசம். ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுதப்பட்ட ‘பெரிப்ளஸ்’ ங்கிற கிரேக்கக் கடல்வழிக் குறிப்புல நம்ம கொற்கை வருது. பாண்டியர் நாட்டு முத்துக்குளிப்பு நடந்த இடம். அங்க முங்கினது தண்டனை பெற்ற கைதிகள்னு அந்தக் குறிப்பு சொல்லுது. சூப்பர் பவர் இருக்கிறவன்தான் உலகத்தை ஆளுவான்னு காமிக்ஸ் நினைக்குது. கொற்கையில பத்துப் பாகம் ஆழத்துல மூச்சில்லாம நடமாடத் தெரிஞ்சவன் சங்கிலியில இருந்தான். முங்கவே தெரியாதவன் ரோமுக்கு முத்து வித்தான். எக்ஸ்-மென் கதையில வர்றவங்களையாவது உலகம் பயந்து ஒதுக்குது. இவனைப் பார்த்து யாரும் பயப்படக்கூட இல்லை, வேலை வாங்கினாங்க.

அதனால "எது வரைக்கும்" ங்கிற கேள்வி மட்டும் போதாதுன்னு தோணுது. அந்தச் சாயங்காலத்தை யார் குறிச்சாங்க, யாருக்காகக் குறிச்சாங்கன்னும் கேக்கணும். எங்க கம்பெனி அந்த நாலு மணி நேரத்தை வச்சது வாடிக்கையாளர் மேல இருக்குற பாசத்துலயா, அபராதம் வந்துரும்ங்கிற பயத்துலயா? நான் அங்க வேலை பாக்குறவன், எனக்குத் தெரியும், ரெண்டாவதுதான் அதிகம். ஆனாலும் அந்தப் பையனோட கணக்கு அன்னைக்கு மூடியிருந்துச்சு. காவல் வச்சவன் மனசு எப்படி இருந்தாலும் அது ஒரு சாதாரண ஆளுக்கும் உதவியிருக்கு. இங்க எனக்கு ரெண்டு பக்கமும் இழுக்குது. ராத்திரி சுறா முங்குறவனுக்கு அநியாயம். ராத்திரி மூடுன கணக்கு அந்தப் பையனுக்கு நியாயம். சித்திக்கு அது அநியாயம். ஒரே பூட்டு.

தூத்துக்குடில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதுக்கப்புறம் நடத்துற அளவுக்குப் பார்கள்ல சிப்பி தேறலை. 1973-ல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இங்கதான் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினாங்க. முங்கவே வேண்டாம், சுறா பயமும் இல்லை. கடல்கட்டிக்கு வேலையே இல்லாம போச்சு. சங்கு குளிக்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க. அவங்க கிளம்பும்போது வாயைக் கட்டுறவர் யாரும் கரையில நிக்கிறதில்லை. சிலுவை போட்டுட்டு இறங்குறவங்க உண்டு, செந்தூரான் திசையைப் பார்த்துக் கும்பிட்டுட்டு இறங்குறவங்களும் உண்டு.

கடைசியா ஒண்ணு. கந்தசஷ்டி ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில நிக்காதவங்க நம்மள்ல ரொம்பக் கம்மி. யானை முகம், சிங்க முகம், அப்புறம் சூரன். அவன் மாறாத உருவமே கிடையாது. நாம எல்லாரும் கேக்குற உருமாறுற பவர் முழுசும் அவன்கிட்ட இருந்துச்சு. கடைசில கடல் நடுவுல மாமரமா நின்னான், வேல் ரெண்டாப் பிளந்துச்சு, சேவலும் மயிலும் ஆச்சு. மொத்தக் கூட்டமும் அரோகரா போடும், எனக்கும் புல்லரிக்கும். அந்தப் போரை நாம மொபைல்ல எடுத்து அனுப்புறோம்.

ஆனா உள்ள கருவறையில நிக்கிறவர் போர் பண்ற கோலத்துல இல்லை. சூரசம்ஹாரம் முடிஞ்சு சிவபூஜை பண்ற கோலம் அது. ஒரு கையில ஜபமாலை, இன்னொரு கையில பூஜைக்கு எடுத்த மலர். தேவசேனாபதி, உலகத்துலயே பெரிய பவர் கையில இருக்குறவர், வேலை முடிஞ்ச உடனே அப்பாவுக்குப் பூ போடப் போயிட்டார். அவருக்குப் பின்னாடி அவர் பூஜிச்ச பஞ்சலிங்கங்கள் இருக்கு. 

அடுத்த தடவை வரிசையில முட்டி மோதி முன்னாடி வந்து நிக்கும்போது நமக்குக் கிடைக்கிறது சில நொடிதான், தெரியும். சந்தனமும் மாலையும் மறைச்சிருக்கும். இருந்தாலும் அந்தப் பூ இருக்கிற கையைத் தேடிப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!